ரயில் மறித்த தெரு

அமெரிக்கா போய் இறங்கிய மறுநாள் காலையில், சரக்கு வாங்கியவர்களின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் சிவப்பு மணலைப் போட்டு என் முன்னால் நீட்டினார்கள். பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம தேரி மணல்! திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை எத்தனை தடவை கண்ணிலிருந்து துடைத்திருப்பேன். இப்போது கடல் தாண்டி வந்து ஜோராக மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. வெளியூரில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த மாதிரி, "இது எங்கள் ஊர் மணல்தான்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அது எங்கள் ஊர் மணல் இல்லை என்று சாதிக்கத்தான் என்னை அவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தூத்துக்குடியில் நிலாவாரை இலை ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நிலாவாரை என்றால் பேதி மருந்து. கௌரவமாக வேறு பெயர் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய நிலங்களில் விளைந்து, காய்ந்து, சிப்பம் சிப்பமாகக் கப்பல் ஏறி, அமெரிக்காவில் மாத்திரையாக மாறுகிறது. வல்லரசின் காலைப்பொழுது நம் கையில்தான் இருக்கிறது என்று கிடங்கில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். புதுத் துறைமுகம் வந்தபிறகு போன பெரிய சரக்கு ஒன்றில் மணல் கூடுதல் என்று புகார் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ நம்பி, நீதான் நாலு வார்த்தை இங்கிலீசு பேசுவ. போயிட்டு வா. மணலு கப்பல்ல ஏத்தும்போது விழுந்துருக்கும்னு சொல்லிரு."

சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. ஆனால் உள்ளதைச் சொன்னதில் ஒரு லாபம் இருந்தது. வாங்குகிறவர்களுக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம், இங்கேயே சலித்துக்கொள்ளலாம், முடிகிற வரை கூட இருந்து பாருங்கள் என்றார்கள். இப்படித்தான் அமெரிக்காவின் தெற்கே, பருத்தியும் மரமும் ஏற்றுகிற ஒரு துறைமுக ஊரில் நான் சல்லடைக்குக் காவல் இருக்க நேர்ந்தது.

தங்க இடம் வேண்டுமே. துறைமுகத்துக்கு எதிரே ஒரு விடுதி இருந்தது. வாசலில் 'அறை உண்டு' என்று விளக்கு மினுங்கியது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அறை இல்லையே" என்றார், ரொம்பவும் வருத்தப்படுகிற குரலில். அவர் தலைக்குப் பின்னால் ஆணிகளில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாரும் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள் போலும் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கிடங்கு மேஸ்திரி கால்வினிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒரு சிப்பத்தின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கால்வின் ஆறடிக்கு மேல் உயரம். நல்ல கறுப்பு, தூத்துக்குடி வெயிலில் சைக்கிள் மிதிக்கிற என்னைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அவருடைய இங்கிலீஷ் நான் பள்ளிக்கூடத்தில் படித்தது இல்லை. நீட்டி இழுத்து, பாதி வார்த்தையை விழுங்கி, கிட்டத்தட்ட எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். அதனால் அவரையும் அவர் வீட்டாரையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேச விடுகிறேன். அசலுக்கு அதுதான் பக்கத்தில் வருகிறது.

"சாவிக்காரன்லாம் சாப்பிடவா போயிருக்கான்? எய்யா, அந்த அறையெல்லாம் காலியாத்தான் கெடக்கு வே. உம்ம மூஞ்சியப் பாத்ததும் நெறைஞ்சிட்டு. 'வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்'னு முன்னால ஒரு பலகை தொங்கும். சட்டம் வந்துச்சு, பலகைய எடுத்துட்டான். சாவிய எடுத்துக் குடுக்கத்தான் கை வர மாட்டுக்கு. வாரும், எங்க அக்கா வீட்டுல ஒரு அறை இருக்கு."

அக்கா பெயர் ரூத். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை, கணவர் இறந்துவிட்டார். மகள் டோரா நிறைமாதமாக இருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற வழக்கம் அங்கேயும் உண்டா என்று கேட்டேன். "புருசன் ராணுவத்துல இருக்கான். வேற எங்கன போவா?" என்றார் அக்கா.

பூர்வீகம் ஆழ்வார்திருநகரி, வைணவக் குடும்பம், மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடமாட்டேன் என்று சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எப்படி ராசா இன்னும் உசிரோட இருக்க?" அந்த வீட்டில் கீரைக்குள் பன்றி எலும்பு, பயற்றுக்குள் பன்றிக் கொழுப்பு. ஆனால் மறுநாளே எனக்கென்று ஒரு சட்டி தனியாக வந்துவிட்டது. பிறகு பார்த்தால் எல்லாம் நம் சாப்பாடு! வெண்டைக்காய், தட்டைப்பயறு, சக்கரவள்ளிக்கிழங்கு. சோளமாவு ரொட்டியை உதிர்த்து மோரில் போட்டு, உப்புத் தூவி, ஸ்பூனால் சாப்பிடுகிறார்கள். காலையில் வெள்ளைச் சோள நொய்யைக் கஞ்சியாகக் காய்ச்சி வெண்ணெய் போட்டுத் தந்தார்கள். நான் அதில் என் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டதைப் பார்த்துக் கால்வினும் கொஞ்சம் கேட்டார். வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

தூத்துக்குடி என்றால் முத்து என்று யாரோ அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு முத்துகூடவா கொண்டு வரல?" என்றார். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிறது, இப்போது சங்குதான் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மக்ரூன் டப்பாவைத் திறந்தேன். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பண்டம். நான் தின்னமாட்டேன், ஆனால் வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்க எங்கள் ஊரில் அதைவிட வேறு இல்லை. அக்கா ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, "முத்து கெடக்கட்டும்" என்றார்.

இனி அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுப்பர்கள் குடியிருந்த அந்தப் பகுதிக்கு ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் ரயில் பாதை. வெளியே போக ஒரே தெரு. அது தண்டவாளத்தைக் கடந்துதான் ஊருக்குள் போகும். கடை, ஆஸ்பத்திரி, துறைமுகம் எல்லாம் அந்தப் பக்கம். துறைமுகத்துக்குள் நுழைய இடம் கிடைக்காத சரக்கு ரயில்கள் எல்லாம் சரியாக இந்தத் தெருவை மறித்துக்கொண்டு நிற்கும். அடேயப்பா, எவ்வளவு நீளம்! தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அரைமணி, ஒருமணி என்று நிற்கும். இந்தப் பக்கம் கார்களும் ஆட்களும் சேர்ந்துகொண்டே போவார்கள்.

எனக்கு இது பழகிய காட்சி. தூத்துக்குடிக்காரன் ரயில்வே கேட்டில் நிற்காமல் வளர முடியுமா? அதனால் முதலில் பெரிதாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால்வின் காரில் ஊரைச் சுற்றிக் காட்டினார். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் இருக்கிற பகுதியில் இதே தண்டவாளத்துக்கு மேலே பாலங்கள் இருந்தன. கோல்ஃப் மைதானத்துக்குப் போகிற சாலைக்குக்கூட ஒன்று, இரண்டு பக்கமும் பூச்செடியோடு. கோல்ஃப் ஆடுகிறவர் காத்திருக்கக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். கால்வின் அந்தப் பாலத்தின்மேல் காரை மெதுவாக ஓட்டினார். "நல்லாப் பாத்துக்கிடும்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா பயறு உரித்துக்கொண்டே தன் கணவரைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், வந்தும்விட்டது. ஆனால் ரயிலுக்கு அந்தப் பக்கம்.

"தெரு முனையில அவர மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரயிலு வண்டிக்கு அடியில பாத்தா ஆம்புலன்ஸோட சிவப்பு லைட்டு சுத்திச் சுத்தி வருது. 'இன்னா வந்துட்டு, இன்னா வந்துட்டு'ன்னு சொல்லிட்டே இருந்தேன். அவரும் அதப் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு டோராவின் வயிற்றைப் பார்த்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நகர மன்றக் கூட்டத்துக்குப் போய் ஒரு பாலம் கேட்டுக்கொண்டிருந்தார் அக்கா. இப்போது மகளுக்கு நாள் நெருங்க நெருங்க, ரயில் ஊதும் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். நிலவுக்கே ஆள் அனுப்பிய நாடு. ஒரு தெருவைத் தண்டவாளத்துக்கு மேலே தூக்கிவைக்க இரும்புக்கா பஞ்சம்?

அடுத்த நாள் நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் ஆய்வுக்கூடத்தில் என்னை எதிர்பார்த்திருந்தார்கள். தெரு முனைக்கு வந்தால் ரயில் நிற்கிறது. எங்கள் ஊரில் கேட் மூடியிருந்தால் சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து அந்தப் பக்கம் போகாத ஆண்பிள்ளை கிடையாது. சரக்கு வண்டி நின்றால் இரண்டு பெட்டிக்கு நடுவே ஏறி இறங்கிவிடுவோம். வக்கீல்கள்கூட அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி நான் பார்த்திருக்கிறேன். பையைத் தோளில் மாட்டினேன், கொக்கியின்மேல் கால் வைத்தேன், ஏறினேன், அந்தப் பக்கம் குதித்தேன். குதித்த இடத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

சிவந்த முகம், பெரிய தொப்பி. முதலில் கையை இடுப்புக்குக் கொண்டுபோய்க் கத்தினார். நான் வாயைத் திறந்து, "ஐயா, மன்னிக்கவேண்டும், நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், எங்கள் ஊரில் இப்படித்தான்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "இந்தியாவா? நீங்கள் இந்த ஆட்களைச் சேர்ந்தவர் இல்லையா?" என்று கேட்டார். பிறகு யானை உண்டா, புலி உண்டா என்று விசாரித்தார். வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியில் நிறுத்திக் காப்பி வாங்கிக் கொடுத்தார். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு ஒரு இனிப்பு வடையும் தந்தார். முட்டை இருக்குமோ என்ற பயத்தில் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிட்டு, இனிமேல் அப்படி ஏறாதீர்கள், ஆபத்து என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனிதர்!

இரவுச் சாப்பாட்டின்போது இதை நான் நடித்தே காட்டினேன். தொப்பி, குரல், தட்டல் எல்லாம். டோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கால்வின் சிரிக்கவில்லை.

"அதே எடத்துல, அதே மாதிரி நானும் ஏறிக் குதிச்சிருக்கேன் வே," என்றார். "வேலைக்கு நேரமாயிட்டேன்னு. அதே போலீசுதான். எனக்குக் கையில வெலங்கு மாட்டுனான். ஒரு ராத்திரி உள்ள இருந்தேன், அபராதமும் கட்டுனேன். உமக்குக் காப்பி."

காலையில் அந்தக் காப்பியை ருசித்துக் குடித்ததை நினைத்து எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கால்வின் மட்டும், "ஓட்டை வடையையாவது எனக்குக் கொண்டு வந்திருக்கலாம்லா" என்று என்னைக் கிண்டல் செய்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராசா, செவ்வாய்க்கிழமை நீயும் எங்கூட வா" என்றார்.

நகர மன்றம் குளிர்சாதனம் போட்ட பெரிய மண்டபம். மேடையில் மேயரையும் சேர்த்து ஐந்து பேர். நாலு பேர் வெள்ளைக்காரர்கள். ஒருவர் கறுப்பர், அந்த ஊர் வரலாற்றிலேயே ஜெயித்த முதல் கறுப்பராம். எல்லாரும் நல்ல மரியாதைக்காரர்கள். அக்காவை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா மூன்று நிமிஷம் பேசினார். மேயர் மிகவும் கவலையோடு கேட்டார். இது முக்கியமான பிரச்சினை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்றார். ஒரு குழு ஆராய்ந்து வருகிறது என்றார். ரயில்வேயோடு பேச வேண்டியிருக்கிறது, நிதி நிலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடல் கடந்து வந்து என் காதால் கேட்கிறேன், அப்படியே நம்ம 'ஆவன செய்யப்படும்'! ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது எந்த மொழியிலும் ஒரே குரலில்தான் வரும் போலிருக்கிறது.

மேடையில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். ஆதரிக்கிறவர்கள் இரண்டு பேர், எதிர்க்கிறவர்கள் இரண்டு பேர், நடுவில் இவர். இவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் முடிவு என்று கால்வின் காதில் சொன்னார். கண்ணாடிக்காரர் என்னைக் கண்டுகொண்டார்.

"ரயில்கள் உலகம் முழுவதும் நிற்கின்றன. நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை இது. அதோ, இந்தியாவிலிருந்து ஒரு விருந்தினர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் ஊரில் ரயில் நிற்பதில்லையா, ஐயா?"

என்னை மைக்குக்கு அழைத்துவிட்டார்கள். அந்நிய நாடு, கம்பெனி வேலையாக வந்தவன், ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால்? ஆனால் மைக்கைப் பிடித்ததும் பழக்கதோஷம் வந்து கை கொடுத்தது. எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவில் நன்றியுரை வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். "மதிப்பிற்குரிய மேயர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, தாய்மார்களே, பெரியோர்களே" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். யாரும் இந்த மாதிரிக் கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை போலும். மேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கள் ஊரிலும் ரயில் நிற்கும்," என்றேன். கண்ணாடிக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். "கேட் மூடினால் உப்பு லாரி நிற்கும், மாட்டு வண்டி நிற்கும், மீன்கூடைக்காரி நிற்பாள். கலெக்டர் ஜீப் வந்தால் அதுவும் பின்னால் நிற்கும். கலெக்டரே நிற்பதால் கேட்டைச் சீக்கிரம் திறக்க ரயில்வேக்காரர்களும் ஓடியாடுவார்கள். இங்கே நான் தினமும் அந்தத் தெருவில் நிற்கிறேன். உங்களில் ஒருவரையும் அந்த வரிசையில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. உங்களுக்கு நல்ல பாலங்கள் இருக்கின்றன. கோல்ஃப் மைதானத்துப் பாலம் மிகவும் அழகு."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நன்றி சொல்லாமல் மேடையை விட்டு இறங்க எனக்குத் தெரியாது. நன்றியுரையில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் அடுத்த வருஷம் வரை கோபித்துக்கொள்வார்கள். எனவே மன்றத்துக்கு நன்றி சொன்னேன். ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி சொன்னேன். குடிக்கத் தண்ணீர் தந்தவருக்குச் சொன்னேன். கதவோரம் காவலுக்கு நின்றவரைப் பார்த்தால், நம்ம போலீஸ்காரர்! சந்தோஷமாக அவர் பக்கம் திரும்பிக் கை கூப்பினேன்.

"முக்கியமாக இந்தக் காவலர் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நான் ரயிலின்மேல் ஏறிக் குதித்தது குற்றம். என் நண்பர் கால்வின் அதே குற்றத்தைச் செய்தபோது விலங்கு மாட்டி ஓர் இரவு சிறையில் வைத்தார்கள். நான் வெளிநாட்டான் என்பதால் இவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். இந்த அன்பை என்றும் மறக்கமாட்டேன்."

பின்வரிசையில், அக்காவின் தேவாலயத்துப் பெண்மணி ஒருவர் உரக்க "ஆமென்!" என்றார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவி, கைதட்டலாக மாறிவிட்டது. மேயர் சிரிக்கவில்லை. "இது உண்மையா?" என்று போலீஸ்காரரைக் கேட்டார். அவர் முகம் காதுவரை சிவந்துபோயிற்று. தொப்பியைக் கழற்றி, "உண்மைதான், ஐயா" என்றார். அவர் மறுக்கவில்லை என்பதற்காக அவர்மேல் எனக்கு மறுபடியும் மதிப்பு வந்தது.

இன்றுவரை, மொத்த அமெரிக்காவிலேயே நான்தான் பெரிய தந்திரசாலி அரசியல்வாதி என்று கால்வின் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நன்றிதான் சொன்னேன்.

கை தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். கடைசியாக அவர் கை மேலே போயிற்று. தீர்மானம் இதுதான்: மறுநாள் முதல் எந்த ரயிலும் அந்தத் தெருவை மறித்து நிற்கக் கூடாது. நின்றே ஆகவேண்டும் என்றால் பெட்டிகளைக் கழற்றி வழிவிட வேண்டும். பாலத்துக்கு மட்டும், திட்டம் தயாரிக்கப்படும் என்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டார். "பாதி வந்துட்டு. மீதிக்கு அடுத்த செவ்வாக்கெழமை வருவேன்."

வீட்டுக்குத் திரும்பினால் தெரு முனையில் ரயில் நிற்கிறது! தீர்மானம் நாளையிலிருந்துதானே. காரை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். பொழுது இன்னும் இருட்டவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"நெசமாவே உங்க ஊருல எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்பீங்களா? பெரிய அதிகாரி, மீன்காரி, எல்லாரும்?"

"ஆமா அக்கா. பேப்பரைக்கூடப் பிரிச்சு ஆளுக்கு ஒரு பக்கம் படிப்போம். உப்பளத்து ஆளு பீடியில இருந்து வக்கீலு சிகரெட்டுக்கு நெருப்பு வாங்குவாரு."

"கேட்டு தெறந்த பெறகு?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டுல மட்டும்தான் அக்கா அப்படி," என்றேன். "தெறந்துட்டா அவங்கவங்க தெருவுக்குப் போயிருவோம். சில தெருவுக்குள்ள சில பேரு செருப்புப் போட்டு நடக்க முடியாது. டீக்கடையில சில பேருக்குத் தனிக் கிளாசு. எங்க ஊருலயும் சட்டம் வந்துட்டு. கிளாசு இன்னும் போகல."

அக்கா என் தோளில் கை போட்டு, அந்த ரயிலே கேட்கிற மாதிரி சிரித்தார். "அப்ப அந்தக் கேட்டத் தெறக்காதீங்க ராசா! பூட்டியே வைங்க!"

நான் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. சரக்கு சலித்து முடிந்து, மணல் ஒரு சாக்கில் மீந்தது. காலையில் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே டோரா கத்தினாள். வலி எடுத்துவிட்டது. நான் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற கார்தான் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும். டோராவும் அக்காவும் பின்னால். நான் முன்னால், ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு. தெரு முனைக்கு வந்தோம். ரயில் நின்றது.

அக்காவின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கால்வின் இறங்கி ஓடினார். நானும் ஓடினேன். ரயில்வே ஆள் ஒருவர் கொடியோடு உட்கார்ந்திருந்தார். கால்வின் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். எழுந்துவிட்டார் என்பதுதான் முக்கியம். கொக்கியைக் கழற்றினார், குழாயைப் பிரித்தார், கொடியை ஆட்டினார். எங்கோ தொலைவில் இன்ஜின் ஊதியது. பெட்டிகள் ஒன்றை ஒன்று இழுக்கிற சத்தம் வரிசையாக வந்தது. எங்கள் கண்ணெதிரே அந்த ரயில் இரண்டாகப் பிரிந்து, நடுவில் தெரு தெரிந்தது.

"மோசேக்குக் கடலு பிரிஞ்ச மாதிரி" என்று அக்கா பின்னால் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னார். "மெதுவாப் போடா கால்வினு. நான் நல்லாப் பாக்கணும்." டோரா, "அம்மா, நீ பெறகு பாரு, வேகமாப் போகச் சொல்லு!" என்று கத்தினாள். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வருவதற்குள் பெண்குழந்தை பிறந்த சேதியைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

ஊர் வந்து பல மாதம் கழித்து, கால்வின் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அக்கா மடியில் குழந்தை. பின்னால் அந்தத் தெரு முனை. இரண்டு சிமிண்டுத் தூண்கள் எழும்பி நிற்கின்றன. தூண்களுக்கு மேலே இன்னும் ஒன்றும் இல்லை, வானம்தான். அக்கா இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் போகிறாராம்.

போட்டோ வந்த மறுநாள் காலை எங்கள் ஊர் இரண்டாம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து போயிருக்கலாம், போகவில்லை. போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மீன்கூடைக்காரி எட்டிப் பார்த்து, "பிள்ள என்னா லெச்சணமா இருக்கு! யாரு வீட்டுப் பிள்ளய்யா?" என்றாள். சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். அவளிடமிருந்து உப்பளத்து ஆள் வாங்கினார். அவரிடமிருந்து வக்கீல் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். லாரி டிரைவர் ஜன்னலிலிருந்து கையை நீட்டினார். "இதென்ன அண்ணாச்சி, தூணு மட்டும் நிக்கி?" என்றார். ரயில் தெருவை மறித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாரும் தலையைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதை பாதியில் இருக்கும்போது ரயில் கடந்து போய்விட்டது. மணி அடித்து, கேட் மேலே ஏறியது. போட்டோ என் கைக்குத் திரும்பி வந்தது. மீன்காரி கூடையைத் தலைக்கு ஏற்றினாள், வக்கீல் சைக்கிளில் ஏறினார், உப்பளத்து ஆள் தனிக் கிளாசு இருக்கிற டீக்கடையின் பின்பக்கமாக நடந்தார். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இந்தக் கேட் இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.